சாவியைத் தேடிய மணி

1852-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தெருமுனைகளில் புதிதாகச் சில இரும்புப் பெட்டிகள் வந்து அமர்ந்தன. பெட்டிக்குள் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே பல்சக்கரம் ஒன்று சுழலும். பல் படும்போது மின்சுற்று இணையும், பல் விலகும்போது அறுபடும். இணைவதும் அறுபடுவதுமாகப் பெட்டியின் எண் தந்திக் கம்பி வழியே நகரின் தலைமை நிலையத்துக்குப் போய்ச் சேரும். அங்கே இருப்பவர் எண்ணைப் படித்து, எந்த வட்டாரத்தில் தீ என்பதை ஊர் மணிகளை ஒலிக்கச் செய்து அறிவிப்பார். வில்லியம் சானிங் என்ற மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்ற மின்பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. நகரம் முழுவதற்குமாக மின்சாரத்தில் இயங்கிய முதல் தீ எச்சரிக்கை அமைப்பு இதுதான். இன்று வங்கியிலும் சிறையிலும் விமான நிலையத்திலும் நாம் பார்க்கும் ஃபயர் அலாரம் இந்தத் தெருப்பெட்டியின் வம்சம்.

அந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. விளையாட்டுக்கும் விஷமத்துக்கும் யாரும் கைப்பிடியைச் சுற்றிவிடக் கூடாது என்று பெட்டியைப் பூட்டிவைத்தார்கள். சாவி காவலர்களிடமும், அக்கம்பக்கத்தில் நம்பகமானவர்கள் என்று தேர்ந்தெடுத்த சிலரிடமும் இருந்தது. தீயைக் கண்டவர் முதலில் சாவி வைத்திருப்பவரைத் தேடி ஓட வேண்டும். பிறந்தபோதே பூட்டோடு பிறந்தது இந்த மணி. அதன் பிறகான 170 ஆண்டுகளில் அது எத்தனையோ நாடுகளுக்குப் போனது, உருவம் மாறியது, கூர்மை பெற்றது. ஆனாலும் அதன் வாழ்க்கை நெடுகிலும் ஒரே கேள்விதான் துரத்திக்கொண்டு வருகிறது: தீ என்று தெரிந்துவிட்டது, திறப்பது யார்?

முதல் அடி 1872 நவம்பர் 9-ஆம் தேதி மாலையில் விழுந்தது. பாஸ்டனின் சம்மர் தெருவில் ஒரு கிடங்கின் அடித்தளத்தில் தீப்பற்றியது. பெட்டி பூட்டியிருந்ததால் தகவல் போய்ச் சேரத் தாமதமானது. போதாக்குறைக்கு அந்த ஆண்டு வட அமெரிக்கா முழுவதும் குதிரைகளுக்குத் தொற்றுக்காய்ச்சல். வண்டி இழுக்கக் குதிரை இல்லாமல் தீயணைப்பு எந்திரங்களை மனிதர்களே இழுத்து ஓடினார்கள். விடிந்து தீ அடங்கியபோது 776 கட்டடங்கள் போயிருந்தன. நகரம் முழுவதற்குமான முதல் மின்சார எச்சரிக்கை அமைப்பை அமைத்த ஊரில், செய்தி பெட்டிக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது.

இதற்கிடையே மணி ஊர்விட்டு ஊர் போகத் தொடங்கியிருந்தது. தென் கரோலினாவில் அஞ்சல் அலுவலராக இருந்த ஜான் கேம்வெல், சானிங்கின் உரை ஒன்றைக் கேட்டு மயங்கி, காப்புரிமையை வாங்கினார். அவர் பெயர் பொறித்த பெட்டிகள் அமெரிக்க நகரங்களில் தெருவுக்குத் தெரு நின்றன. அந்தக் காலத்துத் தந்திக்காரர்கள் கற்றுத் தந்த ஒரு பாடம் இன்றுவரை அலாரத்தின் உடம்பில் ஓடுகிறது. கம்பியில் எந்நேரமும் கொஞ்சம் மின்னோட்டம் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதே அது. எங்காவது கம்பி அறுந்தால் அந்த ஓட்டம் நிற்கும், நின்றது உடனே தெரிந்துவிடும். இன்றைய அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான ஃபயர் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் தீ, மஞ்சள் விளக்கு எரிந்தால் கோளாறு. தனக்குக் காது கேட்கவில்லை என்பதைத் தானே சொல்லிவிடும் கருவி அது. மஞ்சள் விளக்கை நாள்கணக்கில் எரியவிட்டு, அதன் 'பீப்' ஒலியை மட்டும் பொத்தானை அமுக்கி நிறுத்தும் கட்டடங்கள் ஏராளம். கருவியின் நேர்மைக்கு மனிதர்கள் காட்டும் மரியாதை பெரும்பாலும் அவ்வளவுதான்.

வெப்பத்திலிருந்து புகைக்கு

தெருப்பெட்டிக்கு மனிதக் கை தேவை. ஆளில்லாத கிடங்கில் நள்ளிரவில் தீப்பிடித்தால் கைப்பிடியைச் சுற்ற யார் இருக்கிறார்கள்? எடிசனின் கூட்டாளியான ஃபிரான்சிஸ் அப்டன் 1890-இல் வெப்பம் ஏறினால் தானே மின்சுற்றை இயக்கும் அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மணி கட்டடத்துக்குள் குடிபுகுந்தது. ஆனால் வெப்பத்தை நம்பிய அலாரம் எப்போதும் பின்தங்கியே வரும். கூரை சூடாகும்வரை அது பேசாது. தீ விபத்துகளில் பெரும்பாலானவர்களை முதலில் கொல்வது புகை. அவர்கள் மயங்கிச் சாய்ந்த பிறகு ஒலிக்கும் மணியால் யாருக்கு என்ன பயன்?

தீர்வு வேறொரு தேடலில் தற்செயலாகக் கிடைத்தது. 1930-களின் பிற்பகுதியில் ஸ்விட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர், நச்சு வாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். கதிரியக்கத்தால் மின்னூட்டம் பெற்ற காற்றில் சிறு மின்னோட்டம் பாயும். வாயு நுழைந்தால் அது மாறும் என்பது அவர் கணக்கு. வாயுவுக்குக் கருவி அசையவில்லை. சலித்துப்போய் அவர் சிகரெட் பற்றவைத்தபோது முள் அசைந்தது. அதே நாட்டின் எர்ன்ஸ்ட் மைலி இந்த யோசனையைப் பயன்படத்தக்க கருவியாக வளர்த்தார். பாட் ராகாட்ஸ் என்ற சிற்றூரில் 1941-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு, கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரான செர்பரஸ் என்பதையே வைத்தார்கள். அலாரத்துக்கு மூக்கு முளைத்தது.

அந்த மூக்கின் நுனியில் ஒட்டியிருக்கும் பொருளின் கதை தனிக் கதை. 1944–45-இல் சிகாகோவில், அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வகத்தில், கிளென் சீபோர்க் குழுவினர் 95-ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். போர்க்கால ரகசியம். போர் முடிந்து, முறையான அறிவிப்புக்குச் சில நாள்கள் இருக்கும்போது, 1945 நவம்பர் 11-ஆம் தேதி 'குவிஸ் கிட்ஸ்' என்ற சிறுவர் வானொலி நிகழ்ச்சியில் சீபோர்க் கலந்துகொண்டார். புதிய தனிமம் ஏதும் உண்டா என்று ஒரு சிறுவன் கேட்க, இருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டார். அதுதான் அமெரிசியம். அணு உலையில் புளுடோனியம் நியூட்ரான்களை விழுங்கி, பின்பு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைந்து தரும் பொருள் அது. 1962-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் அதன் ஆக்சைடை ஒரு கிராம் 1,500 டாலர் என்று விற்பனைக்கு வைத்தது. புகையை முகரும் ஒரு டிடெக்டருக்குத் தேவைப்படுவதோ ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு பழைய டிடெக்டரின் உள்ளே இருப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி இருக்கும். தங்கத்தோடு கலந்து மெல்லிய தகடாக உருட்டி, சில மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய வில்லை. அதிலிருந்து விநாடிக்கு 37,000 ஆல்ஃபா துகள்கள் அளவுக்குப் புறப்பட்டபடி இருக்கும். ஒரு தாளைக் குறுக்கே பிடித்தால் நின்றுவிடும் பலம்தான் அவற்றுக்கு. ஆனால் அந்தச் சிற்றறைக்குள் இருக்கும் காற்றை மின்னூட்டப்படுத்த அது போதும். இரண்டு தகடுகளுக்கு நடுவே மிகச் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். புகைத்துகள் நுழைந்ததும் அயனிகள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு தளர்ந்துபோகும், ஓட்டம் குறையும், மணி அடிக்கும். அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டுகள். அது மாட்டியிருக்கும் கட்டடம் இடிந்த பிறகும் அது சிதைந்துகொண்டேதான் இருக்கும். பழைய டிடெக்டர்களைக் குப்பையில் வீசாமல் முறைப்படி திருப்பித் தர வேண்டியிருப்பது அதனால்தான். இப்போது பல நாடுகளில் அதன் இடத்தை ஒளிச்சிதறலைக் கொண்டு புகையை அறியும் டிடெக்டர்கள் பிடித்துவருகின்றன.

பூட்டிய கதவுக்கு முன்னால்

மூக்கு இத்தனை கூர்மையாவதற்கு முன்பே, பூட்டு என்ன செய்யும் என்பதை உலகம் பார்த்திருந்தது. 1911 மார்ச் 25-ஆம் தேதி நியூயார்க்கில் டிரையாங்கிள் தையல் ஆலையில் தீ. வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, ஒரே வாசல் வழியே பைகளைச் சோதித்து அனுப்புவதற்காகப் பூட்டிய கதவு அது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். அமெரிக்காவில் கட்டட வெளியேறும் வழிகளுக்கென்று விதி எழுதும் வேலை இந்தச் சாம்பலிலிருந்துதான் தொடங்கியது.

ஆலையில் பூட்டியது ஒரு கதவை. சிறையில் ஒவ்வொரு மனிதர்மேலும் ஒரு பூட்டு. 1930 ஏப்ரல் 21-ஆம் தேதி மாலை, ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் சிறையில் கட்டுமானச் சாரத்திலிருந்து கூரைக்குத் தீ பரவியது. 1,500 பேருக்குக் கட்டிய சிறையில் ஏறத்தாழ 4,300 பேர் இருந்தார்கள். கைதிகளை அப்போதுதான் அறைகளுக்குள் அடைத்திருந்தார்கள். புகை மேல் அடுக்குகளை நிரப்பத் தொடங்கியதும் உள்ளிருந்து கூச்சல். கத்தியவர்கள் நூற்றுக்கணக்கில், சாவி வைத்திருந்தவர்களோ திறக்கத் தயங்கினார்கள். தப்பியோடிவிடுவார்களோ என்ற பயம் மூச்சுத் திணறல் சத்தத்தைவிட உரக்கக் கேட்டிருக்க வேண்டும். கடைசியில் வெளியே இருந்த இரண்டு கைதிகள் ஒரு காவலரிடமிருந்து சாவியைப் பிடுங்கி, ஐம்பது பேர் வரை காப்பாற்றினார்கள். 322 பேர் இறந்தார்கள். பலர் அறைக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்தவர்கள். அங்கே தீ பிடித்தது எல்லோருக்கும் தெரியும். எச்சரிக்கைக்குக் குறைவில்லை. எச்சரிக்கை பூட்டுவரை போய்ச் சேரவில்லை.

பூட்டுக்கும் மணிக்கும் உறவு ஏற்பட்ட தருணங்களில் ஒன்று 1969-இல், கனடாவின் மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் நிகழ்ந்தது. கூட்டம் கூடும் இடத்தில் கதவுகளைப் பூட்டுவதைத் தீயணைப்புத் துறை எதிர்த்தது. பூட்டவும் வேண்டும், தீயென்றால் தானே திறக்கவும் வேண்டும். இர்விங் சஃபிர்ஸ்டைன் என்பவர் ஒரு வழி கண்டார். தீத்தடுப்புக் கதவுகளைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கும் மின்காந்தங்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. அவற்றை வரிசையாக அடுக்கி, கதவை மூடிய நிலையில் பிடித்துவைக்கச் செய்தார். மின்சாரம் இருக்கும்வரை கதவு பூட்டியிருக்கும். மின்சாரம் போனால் தானாகவே விடும். இன்று அலுவலக வாசல்களில் அட்டையைக் காட்டித் திறக்கும் 'மேக்லாக்' அதன் வாரிசு. ஐந்நூறு கிலோவுக்கு மேல் இழுத்தாலும் விடாத பிடி, ஃபயர் பேனலிலிருந்து ஒரு ரிலே மின்சாரத்தை அறுத்ததும் ஒரு நொடியில் செத்துவிடும். பாஸ்டனில் பூட்டுக்குப் பின்னால் தவித்த மணி, நூறு ஆண்டுகள் தாண்டி, பூட்டின் கழுத்தைப் பிடித்தது.

சிறைக்குள் நுழைந்த மணி

அலுவலகத்துக்கு இது போதும். சிறைக்கும் தடுப்புக்காவல் இல்லத்துக்கும் மனநல மருத்துவமனையின் பூட்டிய வார்டுக்கும் போதாது. மணி அடித்ததும் எல்லாக் கதவும் திறந்துகொள்ளும் என்றால், தப்பிக்க நினைப்பவர் ஒரு மெத்தைக்குத் தீ வைத்தால் போதும். ஆகவே இங்கே மணிக்கு வேறு ஒழுக்கம் பழக்கினார்கள்.

முதலில் மூக்கை ஒளித்துவைத்தார்கள். அறைக்கூரையில் டிடெக்டர் தொங்கினால் உடைப்பார்கள், துணியை அடைப்பார்கள், அதில் கயிறு மாட்டித் தற்கொலைக்கும் முயல்வார்கள். காட்டுத்தீப் புகையை அளக்க ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் கையாண்ட ஒளிச்சிதறல் கருவி, 1970-களில் தொலைபேசி நிலையங்களைக் காக்கும் வேலைக்கு வந்து, 'வெஸ்டா' என்ற பெயரில் உலகமெங்கும் போனது. கூரைக்கு மேலே குழாய் ஓடும். குழாயில் சில மில்லிமீட்டர் துளைகள். தொலைவில் இருக்கும் விசிறி அறைக்காற்றை இடைவிடாமல் உறிஞ்சிச் சோதிக்கும். கைதியின் கைக்கு எட்டாது, கண்ணுக்கும் அதிகம் படாது. மெத்தை கருகத் தொடங்கும்போதே அது அறிந்துவிடும்.

அடுத்து, மணியின் குரலைக் கட்டுக்குள் வைத்தார்கள். பொது இடத்தில் ஹூட்டர் எல்லோருக்கும் அலறும். பூட்டிய கட்டடத்தில் அது முதலில் பணியாளர்களுக்கு மட்டும் சேதி சொல்லலாம். கண்ணாடியை உடைத்து அழுத்தும் கால் பாயிண்டையும், சாவி வைத்திருக்கும் பணியாளர் அங்கேயே இருந்தால், பூட்டி வைக்கலாம் என்று அமெரிக்காவின் 'லைஃப் சேஃப்டி கோட்' விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. 1852-இன் பூட்டிய பெட்டி சிறைக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகைக்கு விலை உண்டு. அதே விதித்தொகுப்பு சொல்வதைக் கேளுங்கள். சிறையில் 24 மணி நேரமும் பணியாளர் இருக்க வேண்டும், அடைத்து வைத்திருக்கும் பகுதியின் வாசலிலிருந்து மூன்று மாடிக்குள் அல்லது 300 அடிக்குள். மணி அடித்த 2 நிமிடத்துக்குள் அவர்கள் பூட்டுகளைத் திறக்கத் தொடங்கியாக வேண்டும். ஒரு பகுதியில் இருப்பவர்களை வெளியேற்ற 10 பூட்டுகளுக்கு மேல் திறக்க வேண்டியிருந்தால், தொலைவிலிருந்தே திறக்கும் ஏற்பாடு வேண்டும்.

இவற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் விதி சாவியைப் பற்றியது. வெளியேறும் வழியிலுள்ள பூட்டுகளின் சாவிகளைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் தனித்தனியே அடையாளம் காண முடிய வேண்டும். அந்த ஒரு வரியை எழுதியவர் புகைக்குள் நின்று யோசித்திருக்கிறார். விளக்கு எரிந்தாலும் கண்ணெதிரே நீட்டிய கை தெரியாது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும். வளையத்தில் இருபது சாவி. உள்ளே ஒருவர் கதவை அறைகிறார். அந்த நேரத்தில் சாவியின் தலையில் வெட்டிய ஒரு பள்ளம் கட்டைவிரலுக்குத் தட்டுப்பட்டால், ஒரு கதவு திறக்கும். ஓர் உயிர் அந்தப் பள்ளத்தில் தங்கியிருக்கிறது.

இவையெல்லாம் இருந்தும், 2005 அக்டோபர் 26 நள்ளிரவில் நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத் தடுப்புக்காவல் மையத்தில் என்ன நடந்தது? நாடு கடத்தக் காத்திருந்தவர்களை அடைத்திருந்த 'கே' பிரிவில், 11-ஆம் அறையில் தீப்பற்றியது. அந்த அறையிலிருந்தவரை வெளியே கொண்டுவந்த காவலர்கள் அதன் கதவைத் திறந்தபடி விட, புகை நடைவழியில் பாய்ந்தது. மற்ற அறைகளை ஒவ்வொன்றாகச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். 11 பேர் இறந்தார்கள். அந்நாட்டுப் பாதுகாப்பு விசாரணை வாரியம் 2006 செப்டம்பரில் அறிக்கை தந்தது. அரசு அமைப்புகள் தீப்பாதுகாப்பில் உரிய கவனம் செலுத்தியிருந்தால் உயிரிழப்பு குறைந்திருக்கும், அல்லது இருந்தே இருக்காது என்று அது சொன்னது. நீதி அமைச்சரும் வீட்டுவசதி அமைச்சரும் பதவி விலகினார்கள். பணக்கார நாடு, நவீனக் கட்டடம். அங்கேயும் மணியின் பயணம் கடைசிச் சில அடிகளில் தடுமாறியது.

நம் மண்ணிலும் அந்தச் சில அடிகளுக்கு ஒரு பெயர் உண்டு: ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஓலைக் கொட்டகை பற்றி எரிந்தது. கால்களில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். அந்தக் கொட்டகையில் உலகின் மிகச் சிறந்த டிடெக்டரை மாட்டியிருந்தாலும், சங்கிலியில் கிடந்தவருக்கு அது என்ன செய்திருக்கும்? தான் சாகப்போவதைச் சில நிமிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. என் கண்ணுக்கு அது தீப்பாதுகாப்புச் சட்டமும்தான்.

2012 நவம்பரில் வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆடை ஆலையில் அலாரம் அடித்தது. எழுந்தவர்களை மேற்பார்வையாளர்கள் திரும்ப வேலையில் உட்காரச் சொன்னார்கள். பிறகு ஓடியபோது வாசல்கள் பூட்டியிருந்தன. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதன் பேச்சை மதிக்க வேண்டியவர்கள் மதிக்கவில்லை.

திறக்கும் கடமை

அடைத்து வைத்திருக்கிறவர்களைத் திறந்துவிட்டால் ஓடிவிடுவார்கள் என்ற வாதம் ஒஹையோவிலிருந்து இன்றுவரை ஒலிக்கிறது. அதற்குப் பதில் பல காலமாகவே இருக்கிறது. தீப்பற்றிய பகுதியிலிருந்து தெருவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. புகை தாண்டாத சுவருக்கு அப்பால், அதே மதிலுக்குள் இருக்கும் அடுத்த பகுதிக்கு நகர்த்தினால் போதும். உள்கதவு திறக்கும், வெளிமதில் மூடியே இருக்கும். காவலும் காப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை. செலவும் அக்கறையும்தான் வெட்டிக்கொள்கின்றன.

ஒருவரைப் பூட்டி வைக்கும் உரிமை எந்த நிமிடம் நம் கைக்கு வருகிறதோ, அதே நிமிடம் அவரைத் திறந்துவிடும் கடமையும் வந்துவிடுகிறது. நீதிமன்றம் ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்கலாம். மூச்சைப் பறிக்க எந்தத் தீர்ப்பும் அனுமதி தருவதில்லை. சிறைக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். இரவில் வெளிக்கதவைப் பூட்டும் மாணவியர் விடுதி, வழி தவறிப் போய்விடுவார்கள் என்று பூட்டும் முதியோர் இல்லம், ஆலை வளாகத்துத் தொழிலாளர் தங்குமிடம், திருட்டுக்குப் பயந்து அவசர வழிக்குச் சங்கிலி போட்ட வணிக வளாகம் எல்லாமே பூட்டிய கட்டடங்கள்தான். உங்கள் பிள்ளையோ பெற்றோரோ அப்படி ஓரிடத்தில் இருந்தால், கூரையில் டிடெக்டர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இரவு இரண்டு மணிக்குச் சாவி யார் கையில் இருக்கும், அவர் எங்கே தூங்குவார், அவர் வராவிட்டால் அடுத்த சாவி யாரிடம், பேனலில் மஞ்சள் விளக்கு எத்தனை நாளாக எரிகிறது, கடைசியாக இருட்டில் ஒத்திகை நடந்தது எப்போது என்று கேளுங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால், எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகும் பதில் வராவிட்டால் தீயணைப்புத் துறையிடம் போங்கள். உள்ளே இருப்பவர்களால் கேட்க முடியாது. வெளியே இருக்கும் நாம்தான் கேட்டாக வேண்டும்.